வண்ணாரப்பேட்டை மாடி பேக் யூனிட் ரிவ்யூ: சாம்பிளை நாமளே பிச்சுப் பாக்கணும்னு சொல்ற இடம்

கஸ்டம் பேக் ஆர்டர் குடுக்கப் போறவங்க யாரா இருந்தாலும், ட்யூஷன் சென்டரோ கடையோ ஆபீஸ் கிஃப்ட்டோ கல்யாண தாம்பூலப் பையோ, கொஞ்சம் பொறுமையா படிங்க. நீளமாதான் எழுதப்போறேன், ஏன்னா நம்ம காசு நிக்கிறதும் போறதும் அந்த ஒரு சாம்பிளை ஓகே பண்ற இடத்துலதான் இருக்கு, பல்க் ஓடிருச்சுன்னா அப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல.

யூனிட் இருக்கறது சென்னை பழைய வண்ணாரப்பேட்டைல. எம்.சி. ரோட்டுல துணிக்கடைங்க வரிசையா இருக்கே, அதுக்குப் பின்னாடி தெருவுல ஒரு வீட்டோட மாடி. கீழ போர்டு கிடையாது, படி ஏறும்போதே மெஷின் சத்தம் கேக்கும், மேல போனா ஒரு நீள டேபிள், அதுதான் கட்டிங், சுத்தி பத்து மெஷின் கிட்ட இருக்கும். நடத்துறவரை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடறாங்க, நானும் அப்படியே. பேர் போட்டு எழுதட்டுமான்னு கேட்டேன், "வேணாம்மா, இருக்கிற ஆர்டருக்கே ஆள் பத்தல, வர்றவங்களை படியேற வச்சு திருப்பி அனுப்பினா பாவம்"னாரு. அதனால பேரும் நம்பரும் இங்க போடல. ஆனா அவங்க சாம்பிள் எப்படி பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா நீங்க எந்த யூனிட்டுக்கு போனாலும் இதே மாதிரி நடக்குதான்னு பாத்துக்கலாம், அதுக்குத்தான் எழுதறேன்.

எங்களுக்கு தேவைப்பட்டது 300 ஸ்கூல் பேக். தண்டையார்பேட்டைல எங்க குடும்பத்துக்கு ஒரு ஸ்டேஷனரி கடை இருக்கு, அதோட சேத்து சாயங்காலம் ட்யூஷனும் நடத்துறோம், ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் பசங்க. காசிமேட்டுல இருந்தும் கொருக்குப்பேட்டைல இருந்தும் வர்றாங்க, நடந்து வர்றதுங்க பாதி, பஸ்லயும் ஷேர் ஆட்டோவுலயும் நசுங்கி வர்றதுங்க பாதி. ஐப்பசி கார்த்திகை மழைல நம்ம ஏரியால தண்ணி எப்படி நிக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்த தண்ணிலதான் இந்த பை போகணும். கடைல விக்கிற 300 ரூபா பை எல்லாம் தீபாவளி வர்றதுக்குள்ள வார் பிஞ்சு, ஜிப்பு வாய் பொளந்து, சேஃப்டி பின் குத்திக்கிட்டு வருதுங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். அப்பா அம்மா அதுக்கு அப்புறம் வருஷத்துக்கு நடுவுல இன்னொரு பை வாங்கணும். ஒரு வருஷம் முழுசா தாங்கற பை, அதுவும் எடை கம்மியா, இதுதான் எங்க கண்டிஷன்.

எடையை ஏன் சொல்றேன்னா, 2020ல மத்திய அரசோட ஸ்கூல் பேக் பாலிசி வந்துச்சு, பத்தாவது வரைக்கும் பசங்க தூக்கற பை அவங்க உடம்பு எடைல 10 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு. 35 கிலோ இருக்கிற பையன்னா மூணரை கிலோ. இதுல வெறும் பையே 900 கிராம் இருந்தா கால்வாசியை பையே முழுங்கிடுது, அப்புறம் புக்கு எங்க வைக்கறது. இதை பாய்கிட்ட சொன்னதும் அவரு மறுப்பா எதுவும் பேசல, ஒரு பேப்பர்ல மேலயே "காலி பை 650 கிராமுக்குள்ள"ன்னு எழுதி வட்டம் போட்டாரு. அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

அந்த பேப்பர்தான் இவங்களோட முதல் நல்ல பழக்கம். வாட்ஸப்புல போட்டோ அனுப்பி ரேட் கேட்டா சொல்ல மாட்டாங்க. போட்டோல துணி தெரியாது, ஜிப்பு நம்பர் தெரியாது, ஃபோம் இருக்கா அட்டை இருக்கான்னு தெரியாது, அப்புறம் என்ன ரேட்டு சொல்றதுன்னு கேக்கறாரு, நியாயம்தானே. நேர்ல போனா உக்கார வச்சு ஒண்ணொண்ணா கேட்டு எழுதறாங்க: உயரம் அகலம் ஆழம், வெளித்துணி என்ன, பின்னாடி கோட்டிங் என்ன, லைனிங், ஜிப்பு எத்தனாம் நம்பர், ரன்னர் (ஜிப்புல பிடிச்சு இழுக்கற துண்டு) ஒண்ணா ரெண்டா, வார் அகலம், நாடா அகலம், ஃபோம் தடிமன், நூல், பிரிண்ட் எங்க எவ்வளவு பெருசு. ரெண்டு காப்பி எழுதி ஒண்ணு நம்ம கைல. சாம்பிளுக்கு தனியா காசு வாங்கறாங்க, பல்க் ஆர்டர் போட்டா அதுல கழிச்சிடறாங்க. சாம்பிள் ஃப்ரீன்னு சொல்ற இடத்தை விட இது எனக்கு பரவால்ல, ஏன்னா ஃப்ரீ சாம்பிள்னா குறை சொல்லி திரும்ப பண்ணுங்கன்னு கேக்க நமக்கே வாய் வராது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மொத சாம்பிள் குடுக்கும்போதே பாய் சொல்லிட்டாரு, "இது மாடல் பாக்க மட்டும்தாம்மா, இதுல கையெழுத்து போடாதீங்க"ன்னு. எனக்கு புரியல, ஏன்னு கேட்டேன். சாம்பிளுக்கு துணி வேணும்னா பாரிமுனை பக்கம் போய் ரெண்டு மீட்டர் வெட்டி வாங்கிட்டு வருவாங்க, கிடைக்கிற கலரு, கிடைக்கிற ஜிப்பு. பல்க்குக்கு வர்றது ஹோல்சேல்ல இருந்து முழு ரோலு. ரெண்டும் ஒரே துணின்னு கடைக்காரர் சொன்னாலும் கோட்டிங் மாறும், சாயம் மாறும், கைல பிடிச்சாலே வித்தியாசம் தெரியும். இது போதாதுன்னு, சாம்பிளை தைக்கறது மாஸ்டரு. அவரு முப்பது வருஷம் அனுபவம், ஒரே பையை மத்தியானம் பூரா உக்காந்து நிதானமா தைப்பாரு, அழகா வரும். பல்க்கு தைக்கறது பீஸ் ரேட்ல டெய்லருங்க, ஒருத்தர் வார் மட்டும், ஒருத்தர் ஜிப்பு மட்டும், ஒருத்தர் மூட்டறது மட்டும். அவங்க கை வேகம் வேற. அப்ப மாஸ்டர் தைச்ச பையை பாத்து நாம ஓகே சொன்னா, நாம பாத்தது ஒண்ணு வரப்போறது ஒண்ணு.

அதனால இவங்க வழக்கம் என்னன்னா, மாடல் சாம்பிள்ல அளவு, பாக்கெட் எங்க, பாட்டில் நிக்குதா, புக்கு உள்ள போகுதா இதெல்லாம் திருத்தி முடிச்சதும் அட்வான்ஸ் வாங்கி ரோல் எடுக்கறாங்க, அந்த ரோல்லயே வெட்டி, பல்க் தைக்கப்போற அதே டெய்லருங்க கையால, அதே மெஷின்ல, அதே ஜிப்பு அதே நூல் போட்டு இன்னொரு சாம்பிள் தைக்கறாங்க. அதுல லோகோ பிரிண்டும் இருக்கும். அதுதான் கையெழுத்துக்கு வர்ற சாம்பிள். எக்ஸ்போர்ட் கம்பெனிங்கள்ல பிபி, அதாவது ப்ரீ-ப்ரொடக்ஷன் சாம்பிள்னு சொல்வாங்களாம், இங்க எல்லாரும் சீல் சாம்பிள்ங்கறாங்க. மீதி துணில அது ஓகே ஆகற வரைக்கும் கத்தரி வைக்க மாட்டாங்க, நான் அவசரப்படுத்தினப்போ கூட வைக்கல.

இந்த ஒரு படி இல்லாம போனா என்ன ஆகும்னு எங்களுக்கு நல்லா தெரியும். இதுக்கு முன்னாடி வேற ஏரியால ஒரு இடத்துல குடுத்தோம், சாம்பிள் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருந்துச்சு, ஓகேன்னதும் "பாத்து தைக்கணும்"னு அதை அவங்களே திருப்பி வாங்கிக்கிட்டாங்க. பல்க்கு வந்தப்போ துணி மெலிசு, ஜிப்பு சின்னது, உள்ள லைனிங்கே வேற. கேட்டா இதேதான் காட்டினோம்னு சாதிச்சாங்க, பக்கத்துல வச்சு காட்ட எங்க கைல எதுவும் இல்ல. அந்த பைங்களை வித்து முடிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

சரி, சாம்பிள் கைக்கு வந்தாச்சு, என்ன பாக்கணும். இங்கதான் இந்த யூனிட்டை நான் மனசார பாராட்டணும், ஏன்னா சாம்பிளை ஜோடியா தைச்சுக் குடுத்து "ஒண்ணை வச்சுக்கோங்க, இன்னொண்ணை பிச்சுப் பாருங்க"ன்னு சொல்றாங்க. நிஜமாவே பிச்சுப் பாத்தேன்.

மொதல்ல துணி. ஸ்கூல் பேக்குக்கு பொதுவா 600 டி பாலியஸ்டர்னு சொல்வாங்க, டின்னா டெனியர், 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கோ அதுதான் அந்த நம்பர், 600னா 600 கிராம். மார்க்கெட்ல மெலிசு நூல்ல நெய்த துணிக்கு பின்னாடி பிவிசி கோட்டிங்கை தடியா பூசி 600ன்னு சொல்லி விக்கறதும் நடக்குது, கைல எடுத்தா கனமாதான் இருக்கும், ஆனா அந்த கனம் பூச்சோடது, நூலோடது இல்ல. மடிச்ச இடத்துல கொஞ்ச நாள்ல கோட்டிங் வெடிச்சு உதிரும். அதனால துணியை கிழிச்சு ஓரத்துல நூலை உருவிப் பாக்கணும், பின்பக்கத்தை நல்லா மடிச்சு நகத்தால அழுத்திப் பாக்கணும். பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் எடை கம்மி, மடிப்பும் தாங்குது, விலைதான் கூட. எங்களுக்கு எடை முக்கியங்கறதால பியூதான் எடுத்தோம்.

ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு பாக்கறதுக்கு மெஷின் எல்லாம் வேணாம். பத்து சென்டிமீட்டருக்கு பத்து சென்டிமீட்டர் சதுரமா கரெக்ட்டா வெட்டுங்க, நகைக்கடை தராசு மாதிரி கிராமுக்கு கீழயும் காட்டற தராசுல வைங்க, வர்ற கிராமை 100ஆல பெருக்குங்க, அதுதான் ஜிஎஸ்எம். ரெண்டரை கிராம் வந்தா 250. இதை சாம்பிள் துணிலயும் எடுத்து எழுதி வைங்க, ரோல் வந்ததும் ஒரு ஓரத்துல வெட்டி திரும்ப எடுங்க. பல்க்கு பை வந்ததும் ஒரு பையை பலி குடுத்து இன்னொரு தடவை எடுத்தாலும் தப்பில்ல. யாரு என்ன சொன்னாலும் தராசு காட்டறதை மறுக்க முடியாது.

ஜிப்பு. ஜிப்புக்கு நம்பர் இருக்கு, 5, 8, 10னு, மூடின பிறகு பல்லு வரிசையோட அகலம் ஏறக்குறைய அத்தனை எம்எம். முன்னாடி சின்ன பாக்கெட்டுக்கு 5 போதும், புக்கு வைக்கிற பெரிய அறைக்கு 8க்கு கீழ போகாதீங்க. ஒய்கேகே மாதிரி பெரிய பிராண்ட் போடணும்னு ஆசைதான், எங்க பட்ஜெட்டுக்கு வராது, நல்ல லோக்கல் காயில் ஜிப்புதான் (பல்லு சுருள் மாதிரி இருக்கறது) போட்டோம். ஆனா ஜிப்பு பிராண்டை விட பெரிய விஷயம் ஒண்ணு சாம்பிள்ல தெரிஞ்சுச்சு. பையை புக்கால நெறைச்சு ஜிப்பை திறந்து திறந்து மூடினேன், மேல் மூலை வளைவுல ரன்னர் முட்டி முட்டி நின்னுச்சு. காலி பையில வெண்ணெய் மாதிரி ஓடின அதே ரன்னர்! மாஸ்டர்கிட்ட காட்டினதும் அவரு உடனே, "வளைவு ஷார்ப்பா கீதுக்கா, அதான் இழுக்குது, டப்பு டப்புனு இழுத்து இழுத்து பசங்க ரன்னரை ஒடச்சிடுவானுங்க"ன்னு சொல்லி பேட்டர்ன் அட்டைல மூலையை இன்னும் கொஞ்சம் உருட்டி வெட்டினாரு. அடுத்து வந்த பையில முட்டல. இந்த சின்ன வளைவை பல்க்குக்கு அப்புறம் கண்டுபிடிச்சிருந்தா 300 பைலயும் அதே முட்டல்தான். அதனால காலி பையை தடவிப் பாத்து ஓகே சொல்லாதீங்க, பையில என்ன போகப்போகுதோ அதை போட்டு நெறைச்சு வச்சு பாருங்க.

இன்னொரு வேலை பண்ணேன், இதை எல்லாருக்கும் சொல்லுவேன். ரோட்டோரம் குடை, பேக் ரிப்பேர் பண்றவர் எல்லா ஏரியாலயும் ஒருத்தர் இருப்பாரு. சாம்பிளை எடுத்துட்டு போய் அவருகிட்ட குடுத்து, அண்ணே, உங்ககிட்ட இந்த மாதிரி பை வந்தா எங்க பிஞ்சு வரும்னு கேட்டேன். ஒரு நிமிஷம் திருப்பிப் பாத்துட்டு மூணு இடம் தொட்டுக் காட்டினாரு: வார் மேல சேர்ற இடம், அடியில நாடா முக்கோணத்துணியில நுழையற இடம், பெரிய ரன்னர். தினமும் பிஞ்ச பையை பாக்கறவர் அவர், அவரை விட இதை யார் சொல்லிட முடியும். வார் சேர்ற இடத்துல உள்ள எவ்வளவு துணி விட்டிருக்காங்கன்னு பிரிச்சுப் பாக்க சொன்னதும் அவருதான். பிரிச்சா அரை சென்டிமீட்டர்தான் உள்ள இருந்துச்சு. பாலியஸ்டர் துணி ஓரத்துல நூல் பிரியும், அரை சென்டிமீட்டர்னா ரெண்டு மாசத்துல தையலோட சேந்து வெளிய வந்துரும். ஒன்றரை சென்டிமீட்டர் விடணும், அதுக்கு மேல சதுரம் போட்டு நடுவுல குறுக்கு எக்ஸ் தையல், நாடா முனையில பார்டாக்னு நெருக்கமா ஒரு தையல், உள்பக்கம் ஓரத்துக்கு டேப் பைண்டிங். இதை அப்படியே பேப்பர்ல ஏத்தினோம். பாய் ஒரு பைக்கு எட்டு ரூபா கூடும்னாரு, சரின்னுட்டோம். எட்டு ரூபாயை அங்க மிச்சம் பிடிச்சு ஒரு குழந்தையோட பையை பிய்ய விட எனக்கு மனசில்ல.

அடுத்தது தொங்கவிடறது. நம்ம பசங்க நாலு கிலோ தூக்குவாங்கன்னா சாம்பிள்ல எட்டு கிலோ வைங்க, அரிசி மூட்டை கட்டி வச்சாலும் சரி. ஒரு வார்ல மட்டும் மாட்டி ராத்திரி பூரா ஆணில தொங்கவிடுங்க, ஏன்னா எந்த பையனும் ரெண்டு வாரையும் ஒழுங்கா மாட்டறதில்ல, ஒரு தோள்லதான். காலைல பாத்தா தையல் ஓட்டை பெருசாகி இருக்கா, அட்ஜஸ்டர்ல நாடா வழுக்கி இறங்கி இருக்கான்னு தெரியும். எங்க சாம்பிள்ல தையல் நின்னுச்சு, நாடா வழுக்கி இருந்துச்சு. நாடா வழவழப்பு ரகம், அட்ஜஸ்டர் பல்லு மொண்ணை. நாடாவை கொஞ்சம் முரட்டு நெசவுக்கு மாத்தி, முனையை மடிச்சு தைச்சதும் நின்னுச்சு. அப்புறம் மேல் கைப்பிடியை பிடிச்சு வெடுக்குன்னு தூக்கறது, பஸ்ல ஏறும்போது அப்படித்தானே தூக்குவாங்க. வாருக்குள்ள இருக்கற ஃபோமை கட்டைவிரலால அழுத்தி பத்து எண்ணி விட்டுப் பாத்தேன், பழையபடி எழும்பிச்சு. எழும்பாம பள்ளமா நின்னா அந்த ஃபோம் ஒரு மாசத்துல அப்பளமாயிடும்.

தண்ணி விஷயத்துல பாய் நேர்மையா பேசினது எனக்கு ரொம்ப பிடிச்சுது. வாட்டர்ப்ரூஃப்னு சொல்லிட்டு போயிருக்கலாம், சொல்லல. துணி தாங்கும், ஆனா ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வழிதாம்மா, நல்ல மழைல தையல் வழியா வரும், ஜிப்பு வழியா வரும்னாரு. சாம்பிள்ல உள்ள நியூஸ்பேப்பர் நெறைச்சு பாத்ரூம்ல மக்ல மொண்டு ஊத்திப் பாத்தேன், சொன்ன மாதிரியேதான், பேப்பர் மேல் வரிசை ஜிப்பு ஓரத்துல நனைஞ்சுது, அடியில தரைல நின்ன தண்ணி தையல்ல ஏறிச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மாத்தம். ஜிப்பு மேல ஒரு மடிப்பு துணி வர்ற மாதிரி வச்சாங்க, அடிப்பக்கத்து துணியை பக்கவாட்டுல ரெண்டு இன்ச் மேல ஏத்தி தையலை தரைய விட்டு தூக்கிட்டாங்க. சும்மா தூறல்ல, பஸ் ஸ்டாப்ல நிக்கிற மழைல புக்கு நனையாது. கொட்டற மழைக்கு ப்ளாஸ்டிக் கவருக்குள்ள புக்கை வச்சுதான் ஆகணும், அதை பேரன்ட்ஸ்கிட்டயும் அப்படியே சொல்லிட்டோம்.

பிரிண்ட்டு இவங்க வெளிய குடுத்து பண்றாங்க, இதுதான் இவங்களோட பலவீனம். சொன்ன தேதி தள்ளறதும் அதனாலதான். பிரிண்ட்ல நான் பாத்தது: ஈரமான வெள்ளை கைக்குட்டையால நல்லா தேச்சு பாக்கறது, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி சட்டுனு உரிச்சு பாக்கறது, நகத்தால சுரண்டறது. கோட்டிங் துணிக்கு ஒத்துப்போற இங்க் இல்லன்னா டேப்போட மொத்த எழுத்தும் வந்துரும். எங்களுக்கு மொத தடவை லேசா வந்துச்சு, இங்க் மாத்தி, சூடு காட்டி காயவச்சதும் நின்னுச்சு. இதை வெறும் துணித்துண்டுல பாத்துட்டு விட்டுடாதீங்க, பல்க் ரோல் துணில அடிச்சதுலயே பாருங்க.

தமிழ்ல பேர் போடறவங்களுக்கு தனியா சொல்லணும். எங்க பேர் தமிழ்ல, டிசைன் பண்ணவர் அனுப்பின ஃபைலை பிரிண்டர் அவரோட கம்ப்யூட்டர்ல திறந்ததும் ஃபான்ட் இல்லாம எழுத்து கலைஞ்சு கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயிடுச்சு. அதுக்கு ஃபைலை கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை கோட்டு வடிவமா மாத்தி குடுக்கணும், அப்படியே பிடிஎஃப்பும் சேத்து குடுத்துடுங்க. ரெண்டாவது, ஸ்க்ரீன் பிரிண்ட்ல முரட்டு துணி மேல சின்ன எழுத்து அடிச்சா புள்ளியும் சுழியும் இங்க்ல அடைச்சுக்கும், ண எது ன எதுன்னு தெரியாது. எழுத்தை கொஞ்சம் பெருசாக்கி, கோட்டுக்கு நடுவுல இடம் விட்டு மறுபடி ஸ்க்ரீன் எடுத்தாங்க. தமிழ் படிக்க தெரியாத பிரிண்டரா இருந்தா சாம்பிள்ல இருக்கறதை அப்படியே அடிப்பாரு, அதனால நாமதான் ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு படிச்சு பாக்கணும். போன் நம்பரையும் அப்படித்தான், முடிஞ்சா அந்த நம்பருக்கு ஒரு கால் போட்டே பாத்துருங்க.

கலர்ல ஒரே விஷயம், டியூப் லைட்டுக்கு கீழ பாத்து ஓகே பண்ணாதீங்க, தெருவுக்கு எடுத்துட்டு வந்து வெயில்ல பாருங்க. உள்ள நேவி ப்ளூவா இருந்தது வெளிய கொஞ்சம் ஊதா அடிச்சுது. மொத்த ஆர்டருக்கும் ஒரே லாட், அதாவது ஒரே தடவைல சாயம் போட்ட துணியா வாங்க சொல்லுங்க, நடுவுல பத்தாம போய் அடுத்த லாட்ல வாங்கினா ஒரு பைலயே முன்பக்கம் ஒரு கலர் பக்கவாட்டு ஒரு கலர் வரும்.

எல்லாம் திருப்தி ஆனதும் சீல். ரெண்டு பை, ரெண்டுலயும் உள்ள ஒரு வெள்ளைத்துணி துண்டு தைச்சு அதுல தேதி, என் கையெழுத்து, பாய் கையெழுத்து, அழியாத மார்க்கர்ல. ஒண்ணு கட்டிங் டேபிளுக்கு மேல ஆணில மாட்டிட்டாங்க, டெய்லருங்க சந்தேகம் வந்தா எழுந்து வந்து அதைத்தான் பாக்கறாங்க, நானே பாத்தேன். இன்னொண்ணு எங்க வீட்டு பீரோவுல. பேப்பர்ல எவ்வளவு முன்னப்பின்ன போகலாம்னும் எழுதினோம், அளவுல ஒரு சென்டிமீட்டர், லோகோ இருக்கிற இடத்துல அஞ்சு எம்எம். ஆள் உக்காந்து தைக்கற வேலைல துல்லியமா ஒரே மாதிரி வராது, வரணும்னு அடம் பிடிச்சா அது டெய்லருக்கு பண்ற அநியாயம், அதே நேரம் எவ்வளவு விடலாம்னு முன்னாடியே எழுதலன்னா வர்ற அன்னிக்கு சண்டைதான். பேக்கிங்கையும் சீல் சாம்பிள்லயே சேருங்கன்னு நான் சொல்வேன். வாரை எப்படி மடிக்கணும், கவர்ல ஒண்ணொண்ணா போடணுமா, பெட்டிக்கு எத்தனைன்னு. எங்களுக்கு அதை எழுதாததால அழுத்தி மூட்டை கட்டி அனுப்பிட்டாங்க, கொஞ்சம் பைல ஃபோம் மடிஞ்ச தடம் இருந்துச்சு, ரெண்டு மூணு நாள் தொங்கவிட்டதும் போயிடுச்சு.

பல்க் ஓட ஆரம்பிச்சதும் மொத பத்து பை வெளிய வந்த அன்னிக்கே வந்து பாருங்கன்னு கூப்பிட்டாங்க. அதுவும் நல்ல பழக்கம், மெஷின்ல நூல் டென்ஷன் மாறினா அப்பவே தெரியும். டெலிவரி அன்னிக்கு 300ஐயும் பிரிச்சுப் பாக்க முடியாது, அதுக்கு எக்ஸ்போர்ட்காரங்க வச்சிருக்கிற ஏக்யூஎல் கணக்கை, அதாவது எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற கணக்கை எடுத்துக்கிட்டோம். ஐஎஸ்ஓ 2859னு ஒரு ஸ்டாண்டர்ட், அதுல வழக்கமா எடுக்கற லெவல் படி 281லேர்ந்து 500 வரைக்கும் பீஸ் இருந்தா அங்கங்க இருந்து கலந்து 50 எடுத்து பாக்கணும், ஏக்யூஎல் 2.5னா பெரிய குறை 3 பீஸ் வரைக்கும் இருந்தா லாட்டை ஏத்துக்கலாம், 4 ஆச்சுன்னா திருப்பணும். மேல இருக்கிற மூட்டைல மட்டும் எடுக்காதீங்க, அடி மூட்டைல கை விடுங்க. எங்க லாட் பாஸ் ஆச்சு, குறை இருந்த பையை பாய் அங்கயே உக்கார வச்சு பிரிச்சு தைச்சு குடுத்தாரு. காலி பை எடை 640 கிராம், கேட்டதுக்குள்ள.

தாம்பூலப் பை, மஞ்சப்பை ஆர்டரும் எடுக்கறாங்க. 2021 டிசம்பர்ல அரசு மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் காட்டன் பை கேக்கறவங்க ஜாஸ்தின்னாரு. காட்டன்னா சாம்பிள் டெஸ்ட்டே வேற: அளவு எடுத்து, தண்ணில அலசி, காயவச்சு திரும்ப அளவு எடுங்க, சுருங்கும், சலவை பண்ணாத காடா துணி இன்னும் சுருங்கும். மஞ்சள் சாயமா இருந்தா ஈர வெள்ளைத்துணியோட சுத்தி வச்சு பாருங்க, கல்யாணத்துக்கு வந்தவங்க பட்டுப்புடவைல ஒட்டினா எவ்வளவு சங்கடம். தேங்காய், வாழைப்பழம், வெத்தலை பாக்கு எல்லாம் போட்டு தூக்கிப் பாருங்க, பையோட காதுல, அதாவது கைப்பிடில, எக்ஸ் தையல் இருக்கான்னு பாருங்க. நான்-ஓவன் பையை துணிப்பைன்னு குடுத்தா வாங்காதீங்க, தொட்டா துணி மாதிரி இருக்கும், அது பாலிப்ரொப்பிலீன் ப்ளாஸ்டிக்தான்.

குறைங்களும் சொல்லிடறேன். சொன்ன தேதில சாம்பிள் வரல, ஒவ்வொரு தடவையும் தள்ளுச்சு, பெரும்பாலும் பிரிண்ட்டால. பாய் பகல்ல போன் எடுக்கறது அபூர்வம், ராத்திரி பதினோரு மணிக்கு மேல வாய்ஸ் நோட் வரும். படி ரொம்ப ஒடுக்கு, வயசானவங்களை கூட்டிட்டு போகாதீங்க. வண்டி நிறுத்த இடமே இல்ல, வண்ணாரப்பேட்டை மெட்ரோல இறங்கி ஆட்டோவோ நடையோதான் நல்லது, அதுவும் ரம்ஜான், தீபாவளி சமயத்துல எம்.சி. ரோடு பக்கமே போகாதீங்க. ரேட்டும் மார்க்கெட்டை விட கூடதான், மாத்தம் எல்லாம் சேத்து எங்களுக்கு ஒரு பை 410 ரூபா ஆச்சு, இதை விட கம்மிக்கு தைக்க நிறைய பேர் இருக்காங்க.

பைங்க ஜூன்ல குடுத்தோம், மழைக்காலம் தாண்டி இப்ப அரைப்பரீட்சையும் முடிஞ்சாச்சு. வார் பிஞ்சுதுன்னு ஒண்ணும் வரல, ரன்னர் போனது சிலது வந்துச்சு, பாய் ரன்னர் மட்டும் ஒரு பொட்டலம் சும்மாவே குடுத்து அனுப்பியிருந்தாரு, ரிப்பேர் அண்ணன்கிட்ட குடுத்து மாத்திக்கிட்டோம். அடுத்த வருஷத்துக்கு அதே சீல் சாம்பிள்தான், ஆனா ரோல் புதுசுங்கறதால அந்த ரோல்ல திரும்ப ஒரு சாம்பிள் தைச்சு கையெழுத்து வாங்கிட்டுதான் வெட்டுவேன்னு அவரே சொல்லிட்டாரு.

ஜூனுக்கு பை வேணும்னா எந்த யூனிட்டா இருந்தாலும் பிப்ரவரிலயே பேச ஆரம்பிங்க, சாம்பிள் திருத்தவே நேரம் போகும், ஏப்ரல் தாண்டினா இவங்க ஆர்டரே எடுக்கறதில்ல. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்கு மூடியிருக்கும், மூணு மணிக்கு மேல போங்க. போகும்போது பையில போடப்போற புக்கு, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு போங்க.